ஊதாக் கோடு

வெர்னா மரங்களுக்கு ஊதா பூசிவிட்டாள் என்ற செய்தி மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் பார்த்தவன் பால் லாரி ஓட்டுகிறவன். வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டியது. அந்த விரலைப் பெட்ரோல் பங்கில் எல்லோருக்கும் காட்டினான்.

"நெஜமாவே பூசிட்டாப்பா. ஹோமர் கெப்னரோட பொண்ணு!"

"யாரு, வெர்னாவா? அவ அப்பா கல்லறையிலேருந்து எழுந்து வந்துடுவாரு."

"வந்தாலும் உள்ள போக முடியாது. ஊதா பூசியிருக்கில்ல."

சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மரத்தில் ஊதாக் கோடு இருந்தால் உள்ளே வராதே என்று பொருள். பலகை அடிக்கத் தேவையில்லை, கோடு போதும் என்று பென்சில்வேனியாவில் சட்டமே இருக்கிறது. பலகையைப் பிடுங்கி எறியலாம். கோட்டை என்ன செய்வது? நகரத்திலிருந்து வந்து காடு வாங்குகிறவர்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே பூசிவிடுவார்கள். கெப்னர் வீட்டில் அந்த வண்ணத்தை யாரும் கையால் தொட்டதில்லை.

ஹோமர் கெப்னர் தன் நிலத்தில் ஒரு பலகைகூட அடித்தது கிடையாது. அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் வந்து மானுக்குக் காத்திருக்கலாம். கதவைத் திறந்தால் சாத்திவிட்டுப் போக வேண்டும், மாட்டைச் சுடக் கூடாது. ஒருமுறை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் பக்கத்து நிலத்தை வாங்கி, சுற்றிலும் மஞ்சள் பலகைகள் அடித்தார். ஹோமர் சண்டைக்குப் போகவில்லை. எதிரில் வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது இந்தப் பக்கத்து வழக்கம். பல் டாக்டரின் காருக்கு அவர் சாகும்வரை விரல் தூக்கவில்லை. பல் டாக்டர் அதைக் கவனித்தாரா என்பது சந்தேகம். ஊர் கவனித்தது.

ஹோமர் போன பிறகு நிலம் இரண்டாகப் பிரிந்தது. மேல் மேடும் மேய்ச்சல் நிலமும் மகள் வெர்னாவுக்கு. கீழ்க் காடு மகன் ராய்ஸுக்கு. நடுவே வேலி கிடையாது. தாத்தா காலத்தில் அடுக்கி, பிறகு சரிந்துபோன கல்வரிசை ஒன்று இருந்தது. அதை எல்லை என்று யாரும் நினைத்ததில்லை. உட்கார்ந்து காபி குடிக்கும் இடம் அது.

வெர்னாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆண்பிள்ளைக் கைகள். மரலாரி ஓட்டிய எமரி ஸ்ட்ரிக்லரைக் கட்டிக்கொண்டு பெயரை மாற்றிக்கொண்டாள். நிலத்தை விட்டு அசையவில்லை. எமரி அசைந்தான். முட்டிவலி தாங்காமல் ஒரு குளிர்காலத்துக்கு ஃப்ளோரிடா போனான். கோடை வந்தும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். அங்கே எவ்வளவு குளிர் என்று கேட்டுக்கொண்டு சந்தோஷப்படுவான்.

"ஆட்டையெல்லாம் வித்துட்டு வாயேன்" என்பான்.

"நீ முட்டிய மாத்திட்டு வாயேன்" என்பாள்.

அவளுக்கு இரண்டு வேலைகள். வருஷம் முழுக்கச் செம்மறியாடுகள். இலையுதிர்ந்த பிறகு மான். வேட்டைப் பருவத்தில் சுடுகிறவர்கள் மானைக் கொண்டுவந்து அவள் கொட்டகையில் தொங்கவிட்டுப் போவார்கள். அவள் தோலை உரித்து, எலும்பு நீக்கி, துண்டு போட்டு, வெள்ளைத் தாளில் சுற்றி, மேலே பெயர் எழுதி வைப்பாள். வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊர். அவள் இளவயதில் அன்று சாயங்காலம் கொட்டகையில் இடம் போதாமல் வெளியே ஆப்பிள் மரத்திலும் மான்கள் தொங்கும். பிறகு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் காற்றடித்தால் வெறும் கொக்கிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்தான்.

கயோட்டிகள் வந்துவிட்டன.

ஹோமர் தன் வாழ்நாளில் ஒரு கயோட்டியைக்கூடப் பார்த்ததில்லை. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. வடக்கிலிருந்து கொஞ்சம் ஓநாய் இரத்தத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்கி வந்தவை என்று சிலர் சொன்னார்கள். பெட்ரோல் பங்கில் வேறு கதை ஓடியது. சாலையில் மான் மோதிக் கார்கள் நசுங்குவதால் இன்ஷூரன்ஸ்காரர்கள் காசு கொடுத்து, அரசாங்கமே ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டதாம்.

"யாரு ஓட்டினா அந்த லாரிய?" என்று வெர்னா ஒருநாள் கேட்டாள். "இந்த ஊர்ல நான் புது உள்பாவாடை வாங்கினாலே எல்லாருக்கும் தெரியுது. ஒரு லாரி நெறைய ஊளை விட்டுக்கிட்டு வந்தது தெரியாமப் போச்சா?"

அவளுக்கும் அவற்றின்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. முதல் சில வருஷங்களில் ஆட்டுக்குட்டிகளைக் காலையில் கழுத்து கிழிந்து கண்டெடுத்தவள் அவள். தன் துப்பாக்கியால் ஒன்றைச் சுட்டு வேலியில் தொங்கவிட்டாள். அதைப் பார்த்தால் மற்றவை பயப்படும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மற்றவை வந்து, தொங்குவதை மோந்து பார்த்துவிட்டு, இன்னொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போயின. அப்புறம் காவலுக்கு ஒரு கழுதை வாங்கினாள். ஜோசபின் என்று பெயர். நாய் இனத்தில் எதைக் கண்டாலும் பல்லைக் காட்டிக்கொண்டு பாயும். எமரியின் பழைய நாயையும் அப்படித்தான் துரத்தியது. அந்த நாய் எமரியோடு ஃப்ளோரிடா போய்விட்டது.

பிறகு ஒரு கயோட்டி ஜோடி வந்து மேல் மேட்டில் தங்கியது. பெண்ணுக்கு இடது காது கிழிந்திருந்தது. அந்த வருஷம் ஒரு ஆட்டுக்குட்டியும் போகவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. ராத்திரி இரண்டு குரல்கள் மட்டும் கேட்கும். தூரத்தில் வேறு குரல் எழுந்தால் இவை இரண்டும் எழுந்து அதை அடக்கும். தங்கள் இடத்தில் வேறு எதையும் அவை விடவில்லை. ஆட்டையும் தொடவில்லை. கழுதையிடம் உதை வாங்கியிருக்கலாம். ஆட்டின் ருசி தெரியாமலே வளர்ந்திருக்கலாம். காரணம் வெர்னாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் முயலவில்லை. அவற்றுக்குப் பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் சோறு வைக்க வேண்டி வரும் என்றாள்.

ஆனால் ஒன்று பார்த்தாள். ஒரு ஜூன் மாதக் காலையில், காது கிழிந்தது மேய்ச்சல் நிலத்தைக் குறுக்காகக் கடந்தது. வாயில் ஒரு கால். மெல்லிய, புள்ளி மறையாத மான்குட்டியின் கால். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தன. வெர்னா அசையாமல் நின்றாள். துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் லாரிக்குள் இருந்தது. எடுக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

முக்கியமாக ராய்ஸிடம் சொல்லவில்லை.

தம்பி ராய்ஸ் பள்ளிப் பேருந்து ஓட்டினான். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு அவன்தான் தலைவன். கல்யாணம் ஆகவில்லை. அவன் மனம் முழுக்க மான்தான். கீழ்க் காட்டில் மான்களுக்கென்றே தீவனப்புல் விதைத்தான், ஆப்பிள் கன்று வைத்தான். வசந்தத்தில் பெட்டை மான்கள் குட்டிகளோடு வரும். செப்டம்பரில் பெட்டைகள் மட்டும் வரும். கொம்பு வைத்த மானை அவன் கண்ணால் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. கல்வரிசை ஓரத்து ஹெம்லாக் மரத்தில் அப்பா கட்டிய பரணில் பருவம் முழுக்க ஏறி உட்கார்ந்து, பனியில் மூக்கு சிவந்து, வெறுங்கையோடு இறங்கி வருவான். அவன் கோபத்தைத் தப்பென்று யாரும் சொல்ல முடியாது. வெர்னாவாலும் முடியவில்லை.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் தீயணைப்புக் குழு கயோட்டி வேட்டைப் போட்டி நடத்தும். தீயணைப்பு வண்டியைப் பழுதுபார்க்கப் பணம் திரட்ட ராய்ஸ் கண்டுபிடித்த வழி. எடை அதிகமான கயோட்டிக்குப் பரிசு. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். ஜனவரியில் ராய்ஸ் அக்கா வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்.

"மேல் மேட்டுக்கு யாரையும் அனுப்பாதே."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். அங்க இருக்கிற ரெண்டையும் விட்டுடு."

"என்னக்கா, வளக்கிறியா?"

"வளக்கலை. இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். அதுங்க வந்ததிலிருந்து என் குட்டி ஒண்ணுகூடப் போகலை."

ராய்ஸ் கோப்பையை மேஜையில் வைத்தான். "உன் ஆட்டுக்குட்டி பொழைக்கணும்னு என் மான்குட்டி சாகணுமா?"

வெர்னாவின் கண்முன் அந்த மெல்லிய கால் வந்து போனது. "அனுப்பாதேன்னு சொன்னேன்" என்றாள்.

"சரி, அனுப்பலை. போதுமா?"

கெப்னர் வீட்டில் சரி என்றால் சரி. அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

போட்டியன்று வெர்னா ஒரு பெரிய பானை நிறையப் பன்றித்தொடையும் மொச்சையும் போட்டுக் கொதிக்கவைத்து, தீயணைப்புக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். வருஷா வருஷம் அது அவள் பங்கு. உள்ளே அவள் கரண்டியோடு நின்று பரிமாற, வெளியே தராசு. சுட்டவற்றைப் பின்காலில் கயிறு கட்டித் தூக்கி நிறுத்துவார்கள். ராய்ஸ் எடையைச் சத்தமாகப் படிப்பான். கூட்டம் கைதட்டும். சாப்பாட்டு வரிசை ஜன்னல் வரை நீண்டிருந்தது. அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் பார்த்தாள்: ஒரு லாரியின் பின்பக்கத்திலிருந்து இரண்டை இழுத்துப் போட்டார்கள். ஒன்றின் இடது காது கிழிந்திருந்தது.

கையில் கரண்டியோடு அப்படியே வெளியே போனாள்.

வேறு மாவட்டத்துச் சகோதரர்கள் இருவர். மறைந்திருந்து சுடப் பூசிய கறுப்பு மை இன்னும் முகத்தில்.

"எங்க சுட்டீங்க?"

"அந்தப் பெரிய மேட்டுலம்மா. ஆட்டுப்பட்டிக்கு மேல. கயோட்டிக் குட்டி அழற சத்தத்தை ஒலிபெருக்கில போட்டோம். ரெண்டும் நேரா ஓடி வந்துச்சு. பொண்ணு முன்னாடி, ஆண் பின்னாடி." அவன் சிரித்தான். "இவ்வளவு சுலபமா எங்கயும் கெடைச்சதில்லை."

"யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலியே. பலகை இல்ல அங்க."

அவள் திரும்பினாள். ராய்ஸ் தராசின் பக்கத்தில் நின்றான். அவன் முகம் தரையைப் பார்த்தது.

"நான் அனுப்பலைக்கா. போகலாமான்னு கேட்டாங்க. பலகை இருக்கான்னு பாத்துக்கோன்னேன். விதி அதுதானே."

"பலகை இல்லைன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"அப்பா வெக்கலைன்னுதான் நானும் வெக்கலை. அதையே எடுத்து என் கழுத்துல கத்தியா வெச்சிட்டியே, இது உன் புத்தியா, இல்ல வாடகைக்கு வாங்கினியா?"

"கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! இந்த ஊர்ல பலகை இல்லாத வீடு பாத்து யாரு வேணா எது வேணா எடுத்துக்கலாமாம். தலைவர் சொல்லிட்டாரு. கேட்டுக்குங்க எல்லாரும்!"

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "விடு வெர்னா, ரெண்டு நாய்க்கா இந்த ஆர்ப்பாட்டம்? உனக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கித் தர்றோம்!"

கூட்டமே சிரித்தது. ராய்ஸும் கொஞ்சம் சிரித்தான். அதை அவள் பார்த்தாள். பின்னாளில் அவளுக்கு மறக்காமல் இருந்தது சுட்டவர்களின் முகம் அல்ல, அந்தச் சின்னச் சிரிப்பு.

உள்ளே போய்ப் பானையை இரண்டு கைகளாலும் தூக்கினாள். பாதிப் பேருக்குமேல் இன்னும் சாப்பிடவில்லை. தட்டோடு நின்ற ஒருவன், போகிற பானைக்குள் ஒரு கரண்டி விடப் பார்த்தான்.

"பானைமேலயும் பலகை மாட்டணுமாடா?" என்றாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

ஏப்ரலில் ஆடுகள் ஈன்றன. மேடு காலியாக இருந்தது. காலியான இடத்துக்கு ஆள் வருவதற்கு நாள் ஆகவில்லை. எங்கிருந்தோ வந்த இளசுகள். ஒழுங்கில்லாதவை. குரல்கள் தாறுமாறாகக் கேட்டன. இரண்டா, நாலா, ஆறா என்று பிரித்தறிய முடியவில்லை. முதல் குட்டி போன காலையில் வெர்னா அதை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துப்போய், தீயணைப்புக் கூடத்தின் வாசலில் நின்ற ராய்ஸின் வண்டிமேல் வைத்துவிட்டு வந்தாள். 

சாயங்காலம் ராய்ஸ் துப்பாக்கியோடு வந்தான்.

"பொதைச்சிட்டேன்" என்றான். "நான் காவலுக்கு இருக்கேன்கா. வர்றதைச் சுட்டுடறேன்."

"சுட்டு? அடுத்தது வரும். அதையும் சுடு. அதுக்கு அடுத்தது வரும். உனக்குப் பொழுதுபோக்கு, எனக்குக் குழி வெட்டற வேலை."

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"ஜனவரில சொன்னேன், என்ன செய்யணும்னு."

"அக்கா, கயோட்டியைச் சுடக் கூடாதுன்னு சொல்ற ஒரு ஆளு இந்த மாவட்டத்துலயே நீதான்."

"நான் எப்படா சுடக் கூடாதுன்னேன்? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே துப்பாக்கி பிடிச்சவ நான். அந்த ரெண்டைச் சுடாதேன்னேன். எறங்கிப் போ."

அவன் படியிறங்கிப் போனான்.

அந்த வசந்தம் முழுக்க அவள் தூங்கியதில்லை. அவளே ஒன்றைச் சுட்டாள். இரண்டு வந்தன. ஜோசபினின் பின்காலில் ஆழமாகக் கடிபட்டது. அது கத்திக் கத்திக் குரல் போய், கடைசியில் காற்று மட்டும் வந்தது. கோடையில் அவள் ஆடுகளில் பெரும்பாலானவற்றை ஏலத்துக்கு அனுப்பினாள். லாரியில் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் காதைப் பிடித்துத் தள்ளினாள். தட்டிக்கொடுக்கவில்லை. தட்டிக்கொடுத்தால் கை நின்றுவிடும் என்று பயம். வயதான சில ஆடுகள் மட்டும் கொட்டகைக்குள் மிஞ்சின. எமரி போனில், "இப்பவாவது வரலாமே" என்றான். போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் தீவனக் கடைக்குப் போய் ஊதா வண்ணம் கேட்டாள். கடைக்காரி டாட்டி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"எந்த ஆட்டுக்கு அடையாளம் போடப்போறே? அதான் எல்லாத்தையும் வித்துட்டியே."

"ஆட்டுக்கில்லை. மரத்துக்கு."

டாட்டி டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "யோசிச்சுக்கோ வெர்னா. பூசிட்டா அப்புறம் நீயும் அந்தப் பல் டாக்டரும் ஒண்ணு."

"பல் டாக்டர் ஆட்டை யாரும் தின்னலையே."

கோடையின் கடைசி வெயிலில், சாலையோரத்தில் தொடங்கி, கல்வரிசை ஓரமாகவே நடந்து பூசினாள். இடுப்புக்கு மேலே, முழங்கை நீளத்துக்கு, ஒவ்வொரு மரத்திலும் ஒரு கோடு. கோபம் தணிவதற்காகப் பூசுகிறாள் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பு. ஒவ்வொரு கோட்டிலும் அது இன்னும் ஏறியது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று நினைத்தாள். அப்பாமேலும் கோபம் வந்தது. ஊர் நல்லவர்களால் ஆனது என்று நம்பிப் பலகை வைக்காமல் போன மனிதர். ஹெம்லாக் மரத்துக்கு வந்தபோது நின்றாள். மரம் சரியாக எல்லையில் நின்றது. பரணும் ஏணியும் ராய்ஸ் பக்கம். அடிமரத்தில் பாதி அவள் பக்கம். தன் பாதியில் பூசினாள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாகவே.

அதன் பிறகு எந்த வண்டியிலும் அவளுக்காக விரல் எழவில்லை. நவம்பரில் வேட்டை தொடங்கியது. அவள் கொட்டகைக்கு ஒரு மான்கூட வரவில்லை. கத்திகளைத் தீட்டி வைத்துக்கொண்டு முதல் நாள் காலை வாசலில் நின்றிருந்தாள். தீட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வெடி கேட்டது. ராய்ஸின் துப்பாக்கி. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அப்பாவிடமிருந்து அவனுக்குப் போனது. கீழ்க் காட்டிலிருந்து ஒரு மான் மேல் நோக்கிப் பாய்ந்தது. பெரிய ஆண். அகன்ற கொம்பு. கல்வரிசையைத் தாண்டியது, ஊதாக் கோடுகளைத் தாண்டியது. மேய்ச்சல் நிலத்தின் ஊற்றடியில் முன்கால் மடங்கி விழுந்தது.

அவள் மேலே நடந்தாள். இடுப்பில் கத்தி இருந்தது. அவள் போய்ச் சேரும்போது ராய்ஸ் இரத்தத்தடம் பிடித்து ஹெம்லாக் மரத்தடிக்கு வந்து நின்றிருந்தான். கோட்டைத் தாண்டவில்லை. சொன்ன விதியை மீறுகிறவன் இல்லை அவன். அதுதான் அவளுக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி.

"அக்கா."

அவள் மானின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது என் மான்."

"தெரியும். சத்தம் கேட்டுது."

"எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"பலகை இருக்கான்னு பாத்துக்கோ."

அவன் ஊதாக் கோட்டைப் பார்த்தான்.  "நாலு வருஷமாச்சுக்கா, ஒரு கொம்பு பாத்து."

"எனக்கு நாலு மாசமாச்சு, ஆட்டுக்குட்டி சத்தம் கேட்டு."

"மன்னிப்புக் கேக்கணுமா? கேட்டுட்டுப் போறேன். சொன்ன வார்த்தையை ஒழுங்கா காப்பாத்தலை, ஒத்துக்கறேன். ஆனா அந்த ரெண்டு சனியனுக்காகக் கேக்க மாட்டேன். எவ்வளவு மான்குட்டியத் தின்னுச்சுங்கன்னு உனக்கென்ன தெரியும்?"

"தெரியும்" என்றாள் வெர்னா. "பாத்தேன்."

"எதை?"

"ஒரு ஜூன்ல. ஒரு காலைக் கவ்விக்கிட்டு என் ஆடுங்க நடுவுல போச்சு. குட்டியோட கால். புள்ளிகூட மறையல. துப்பாக்கி பக்கத்துலதான் இருந்துது. நான் சும்மா நின்னேன்."

 மேலே கிளையிலிருந்து பனி கொஞ்சம் உதிர்ந்து ராய்ஸின் தொப்பியில் விழுந்தது.

"எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?"

"அதெதுக்கு?"

"நான் பரண்மேல உக்காந்து வெறச்சுக்கிட்டிருந்த வருஷமெல்லாம் உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லலை."

"நீயும்தான் சொல்லலை. அவனுங்க என் மேட்டுக்குப் போறானுங்கன்னு."

அவன் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.  

"அப்போ வெச்சுக்கோ. உன் நாய்ங்களுக்கே போடு."

"போறவனுக்குக் கேக்க ஒரு வாய் இல்லையா? எடுத்துக்கலாமான்னு ஒரு வார்த்தை கேளுடா!"

"கேக்க மாட்டேன்."

"கேக்காதே!"

வனத்துறை ஆளைக் கூப்பிட்டிருந்தால் அவர் வந்து பேசி எடுத்துக் கொடுத்திருப்பார். கெப்னர் வீட்டு ஆள் கூப்பிட மாட்டான். அவன் இறங்கிப் போனான்.

மான் இன்னும் சூடாக இருந்தது. வயிற்றைக் கீறிக் குடலை எடுக்காவிட்டால் கறி கெட்டுப்போகும். வெர்னாவின் கைகள் தாமாகவே கத்தியை உருவின. இத்தனை வருஷத்தில் ஒரு மானை அவள் வீணாகப் போகவிட்டதில்லை. கத்தியைத் திரும்பச் செருகினாள். உருவினாள். செருகினாள். அவன் திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டால், அவளே உரித்து, துண்டு போட்டு, வெள்ளைத் தாளில் அவன் பெயரை எழுதிக் கொடுத்திருப்பாள். அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கீழே காட்டுப்பாதையில் அவன் வண்டி நகரவில்லை. அவள் ஒரு குரல் கொடுப்பாள் என்று அவன் வண்டிக்குள் காத்திருந்தான். அவன் கதவைத் திறந்து இறங்குவான் என்று அவள், மானை அப்படியே விட்டு இறங்கிவந்து, கொட்டகை வாசலில் காத்திருந்தாள். மதியம் போயிற்று. வெயில் மேட்டின் பின்னால் இறங்கியது. வண்டியின் விளக்கு எரிந்தது. வண்டி போய்விட்டது.

இருட்டுவதற்குள்ளாகவே மேட்டில் ஊளை தொடங்கியது. எத்தனை குரல் என்று சொல்ல முடியவில்லை. ஊற்றடியில் சண்டையும் உறுமலும் கேட்டன. துப்பாக்கி கதவின் பின்னால் சாய்ந்திருந்தது. வெர்னா அதை எடுக்கவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முழுக்கத் தாடை வலித்தது.

காலையில் விலாவெலும்பும் தோலும் தலையும் மிஞ்சியிருந்தன. சுற்றிலும் பனி மிதிபட்டுச் சேறாகியிருந்தது. அவள் எலும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துப் போய்க் கொம்புகளை மண்டையோட்டுத் துண்டோடு அறுத்தெடுத்தாள். ஹெம்லாக் மரத்துக்குத் தூக்கிப்போய், ஊதாக் கோட்டின் மேலேயே நீள ஆணி வைத்து அடித்தாள். ராய்ஸ் பரணில் ஏறப் போகும்போது கண்ணில் படாமல் போகாது.

அவன் அதை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. இருவரும் இப்போது எதிரெதிரே வண்டியில் வந்தால் நேராகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்; இரண்டு ஸ்டியரிங்கிலும் பத்து விரலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கொம்பை அணில்கள் ஒரு பக்கமாகக் கொறித்துவருகின்றன. ஆகஸ்டில் ஊதா வெளுத்ததும் வெர்னா டப்பாவோடு போய் மறுபடி பூசுகிறாள். கொம்பில் படாமல், அதைச் சுற்றி.